வெட்டிப்போட்ட வெளிச்சம்

பயந்துட்டீங்களா? உங்களைப் பாத்துக் கத்தலீங்க, போன்ல இருந்தவருகிட்டத்தான் கத்துனேன். எங்க துறைத் தலைவரு அவரு. தெய்வசிகாமணின்னு பேரு. என்கிட்டப் படிச்சவரு, இன்னைக்கு எனக்கே தலைவரு. நாளைக்குக் கோயமுத்தூர்ல பெரிய மாநாடுங்க. வெளிநாட்டுல இருந்தெல்லாம் ஆளுங்க வர்றாங்க. அதுல மேடையேறி என் கோழிங்களைப் பத்திப் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்காங்க. இவரு என்னடான்னா, 'மேடம், உடம்பு சரியில்லைன்னு சொல்லிப்போடுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்'ங்கறாரு. எனக்கா உடம்பு சரியில்லை? கல்லு மாதிரி இருக்கறேன். காலேஜுல சேந்த நாள்ல இருந்து ஜுரம்னு ஒரு நாள் லீவு போட்டதில்லீங்க. கண்டக்டர் கூடத் திரும்பிப் பாத்தாரு, பாத்துட்டுப் போகட்டும்.

இல்லீங்க, கோழிக்கு வைத்தியம் பாக்கறவ இல்லை. விலங்கியல் புரபசர். சம்பூரணம்னு பேரு. காலேஜ் பேரு மட்டும் கேக்காதீங்க, இந்த பஸ்ஸுலயே எவனாச்சும் காதுல வாங்கிட்டுப் போய் வத்தி வச்சுருவான். நான் பாக்கறது என்னன்னா, கோழிக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும், எப்படித் தெரிஞ்சுக்குதுங்கறது. சிரிக்காதீங்க. நீங்க எங்க எறங்கறீங்க? ஈரோடா? அப்பச் சரி. நான் பள்ளிபாளையத்துல எறங்கணும். இப்பத்தான் நாமக்கல்லையே தாண்டியிருக்கு, நேரம் கெடக்குது. எல்லாத்தையும் சொல்றேன், கேட்டுட்டு நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க. அந்தப் பையை இப்படிக் கொடுங்க, மடியில வச்சுக்கறேன்.

எங்க காலேஜுக்குப் பின்னால ஒரு கொட்டகை. அதுல பன்னெண்டு பெட்டைக்கோழி. சுவத்துல ஒரு தகரக் கதவு. மணி அடிக்கும், அடிச்ச சித்தே நேரத்துல கதவு தொறந்து கம்பு கொட்டும். மணி எப்ப அடிக்கும்னு யாருக்கும் தெரியாது. ஒரு நாளு காலைல, ஒரு நாளு மத்தியானம், சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுத்து அடிக்கறதுங்க. அதுவும் பக்கத்து ரூமுல இருந்து. ஆளு மூஞ்சி கோழி கண்ணுலயே படாது. மணி கேட்டா எந்தக் கோழி எவ்வளவு வெசையாக் கதவுப் பக்கம் திரும்புதுன்னு பாக்கணும். அவ்வளவுதான் ஆராய்ச்சி.

இதைப் புடிக்க நாலு மூலைலயும் நாலு கேமரா. ஒண்ணு பத்தாதான்னு கேப்பீங்க. பத்தாதுங்க. கோழின்னா வரிசையா நின்னு போட்டோவுக்கு மூஞ்சியா காட்டும்? ஒண்ணை ஒண்ணு மறைச்சுக்கும். சரி, நாலு கேமரா வச்சாச்சு. நாலையும் ஒவ்வொண்ணா அமுக்கித்தானே ஓட விடணும்? ஒண்ணை அமுக்கிட்டு அடுத்ததுகிட்டப் போறதுக்குள்ள நேரம் ஓடிப்போயிரும். அப்புறம் கம்ப்யூட்டர்ல நாலு வீடியோவையும் பக்கத்துப் பக்கத்துல ஓட்டிப் பாத்தா, ஒண்ணுல கோழி குனிஞ்சு கொத்துது, இன்னொண்ணுல அதே கோழி நிமிந்து நிக்குது. எதை நம்பறது? நாலும் ஒண்ணா ஓடணும்னா, நாலு கேமரா கண்ணுலயும் ஒரே சமயத்துல ஏதாச்சும் ஒண்ணு விழுகணும். கையைத் தட்டலாம்னு ஒருத்தி சொன்னா. கொட்டகைக்குள்ள கையைத் தட்டுனா அத்தனை கோழியும் பறந்து உத்தரத்து மேல போய் உக்காந்துக்கும், அப்புறம் எதைப் புடிக்கறது?

அதுக்குத்தான் என் பல்பு. யோசனை என்னுதுங்க, அதை யாரும் இல்லைன்னு சொல்ல முடியாது. கொட்டகைக்கு நட்ட நடுவுல ஒரு கம்பி, அது தலையில சின்னச் செவப்பு பல்பு. சுவிட்ச் பக்கத்து ரூமுல. கேமரா நாலும் ஓட ஆரம்பிச்சதும் சுவிட்சைப் போட்டா மூணு தரம் மினுக்கும். பளிச், பளிச், பளிச். அப்புறம் மணி. கம்ப்யூட்டர்ல நாலு வீடியோவையும் முன்ன பின்ன நகத்தி, நாலுலயும் பல்பு ஒரே நொடியில எரியற மாதிரி நிறுத்திட்டா வேலை முடிஞ்சுது. அதுக்கப்புறம் ஒரு கோழி எறகைச் சிலுப்புனாலும் நாலு பக்கமும் ஒண்ணாத் தெரியும். என்னா அழகு தெரியுமுங்களா! வேற காலேஜுல இருந்தெல்லாம் வந்து பாத்துட்டு, அதே மாதிரி பல்பு வாங்கி வச்சுக்கிட்டாங்க. வாங்குனவங்கள்ல ஒருத்தராச்சும் என் பேரைச் சொல்லியிருப்பாங்களா? மாட்டாங்க.

சரி, பல்பு மினுக்கற அந்த முன்துண்டு இருக்குதுல்ல, அது படத்தை ஒண்ணு சேக்கறதுக்கு மட்டும்தான். சேத்து முடிச்சதும் அதை வெட்டிப் போட்டுருவோம். மணி அடிக்கறதுல இருந்து வச்சுக்குவோம். ஜாக்கெட் தைக்கறவங்க மிஞ்சுன துணியை வெட்டிப் போடறதில்லீங்களா, அந்த மாதிரி. அதைப் போய் யாரு பாத்துட்டு உக்காந்திருப்பாங்க?

இப்பக் கேளுங்க. ஒரு மாசம் போல ஆச்சு. நான் ஒரு நாளு வீடியோ பாத்துட்டு இருக்கறேன். மணி அடிக்குது. ஆனா கோழிங்க அதுக்கு முன்னாடியே கதவைப் பாத்துத் திரும்பி நிக்குதுங்க! மணி அப்பத்தான் அடிக்குது, இதுங்க எப்பவோ திரும்பியாச்சு. அடுத்த நாளு வீடியோவும் அப்படித்தான். அதுக்கடுத்ததும் அப்படித்தான். சீட்டுக் குலுக்கி எடுக்கற நேரம், எனக்கே முன்கூட்டித் தெரியாது, இதுங்களுக்கு எப்படித் தெரியும்? நான் நாற்காலிய விட்டு எந்திரிச்சு நின்னுட்டேன். மேலெல்லாம் சிலுத்துப் போச்சு. பொய் சொல்லலீங்க, எங்கப்பாரு நான் காலேஜ் போறதுக்குச் சரின்னு சொன்ன அன்னைக்கு ஒரு சந்தோசம் வந்துச்சு, அதுக்கப்புறம் அன்னைக்குத்தான் வந்துச்சு.

பேப்பர்ல போட்டாங்க. 'மணியடிக்கும் முன்னே அறியும் கோழி'ன்னு தலைப்பு. என் போட்டோவுக்குப் பக்கத்துல ஒரு சேவல் போட்டோவைப் போட்டு வச்சுட்டாங்க. என் கொட்டகைல சேவலே கெடையாது. போன் பண்ணித் திட்டுனேன். ஆனா அந்தப் பக்கத்தை வெட்டி வச்சுக்கிட்டேன்.

எனக்கு அதுல பெரிய ஆச்சரியம் ஒண்ணும் இல்லீங்க. என் லேபுல இருக்கற பசங்களே அப்படித்தான். நான் திட்டப்போறேன்னு வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்குவாங்க. இந்தக் கண்ணாடியைக் கழட்டி மேசை மேல வைப்பேன், அவ்வளவுதான், கப்சிப்புன்னு ஆயிடுவாங்க. நான் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன்! மனசுல இருக்கறதை எப்படித்தான் கண்டுபிடிக்கறாங்களோ. எல்லாம் புத்திசாலிப் பிள்ளைங்க. மனுசப் பிள்ளைக்கு வர்றது கோழிக்கு வராதுன்னு எப்படிச் சொல்றது?

அந்த சன்னலைச் சித்தே சாத்துங்க, புழுதி அடிக்குது. ஆங், போதும்.

இப்ப மோகனப்பிரியாவுக்கு வர்றேன். நான் எறங்கற ஊருக்காரிதான் அவ. அப்பா தறி ஓட்டறாரு. என்கிட்ட பிஎச்.டி பண்றா. நாலு வீடியோவையும் ஒண்ணு சேக்கற வேலை அவளோடதுதான். கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுட்டுப் பாப்பா. மத்தவங்க அரை நாளு பண்றதை அவ டீ ஆறதுக்குள்ள முடிச்சுருவா. நாந்தானுங்க பழக்குனேன். பழக்குனதுக்குத்தான் கூலி குடுத்துட்டாளே!

ஒரு நாளு வந்து, 'மேடம், நாம வெட்டிப் போடற துண்டைக் கொஞ்சம் பாருங்களேன்'னா. 'குப்பையைக் கெளறாதே, வேலையைப் பாரு'ன்னேன். ரெண்டு நாளு கழிச்சு மறுபடி வந்தா. 'மேடம், அஞ்சு நிமிசம் போதும் மேடம்'னா. நான் அப்ப மாநாட்டுக்கு என்ன சேலை கட்டறதுன்னு யோசனைல இருக்கறேன். 'அப்புறம் பாக்கலாம் போ'ன்னுட்டேன். இதுல என்ன தப்பு? வேலை இருக்கற மனுசி அப்படித்தான் சொல்லுவா.

போன வியாழக்கிழமை எங்க துறைல செமினார். மாநாட்டுல பேசறதுக்கு முன்னாடி நம்ம ஆளுங்க முன்னாடி ஒருதரம் பேசிப் பாத்துக்கறது. தெய்வசிகாமணி இருக்காரு, மத்த துறைக்காரங்க இருக்காங்க, ரூம் நெறைய பசங்க. நான் பேசி முடிச்சேன். கைதட்டுனாங்க. 'கேள்வி இருந்தாக் கேளுங்க'ன்னேன். சும்மா ஒரு மரியாதைக்குச் சொல்றதுங்க அது. இவ எந்திரிச்சா.

'மேடம், ஒரு வீடியோ போடலாமுங்களா?'

எல்லார் முன்னாடியும் கேட்டா நான் என்ன சொல்றது? போடுன்னேன். போட்டா. வெட்டாத வீடியோ. 'மேடம், மணியை விட்டுடுங்க. பல்பை மட்டும் பாருங்க'ன்னா. பல்பு மினுக்குது. மொத மினுக்குல ஒரு கோழி தலையைத் தூக்குது. ரெண்டாவதுல நாலஞ்சு தூக்குது. மூணாவது மினுக்குல கொட்டகையே கதவைப் பாத்து நிக்குது. அதுக்கப்புறம்தான் மணி அடிக்குது.

'ஒவ்வொரு தடவையும் மணிக்கு முன்னாடி பல்பு மினுக்குது மேடம். நாம கேமராவுக்குன்னுதான் வச்சோம். கேமராவுக்குன்னு வச்சதுன்னு கோழிக்குத் தெரியாதுங்களே.'

ரூமுல ஒருத்தன் சிரிச்சுட்டான். யாருன்னு தெரியும், அவனை அப்புறம் கவனிச்சுக்கறேன். நான் கண்ணாடியைக் கழட்டி மேசை மேல வச்சேன். ரூமே அடங்கிப் போச்சு. இவ ஒருத்திதான் அடங்கலை. நின்னுட்டே இருக்கறா.

'அது சின்ன பல்பு. அதுலயும் செவப்பு. கோழிக்குக் கண்ணுலயே படாது'ன்னேன்.

'கோழிக்குச் செவப்பு நல்லாவே தெரியும்னு மொத வருசம் நீங்கதான் மேடம் பாடம் எடுத்தீங்க.'

எடுத்தனுங்க. நல்லாத்தான் எடுத்தேன். அதுக்காக அதை எனக்கே திருப்பிச் சொல்றதா? முகத்துல கரியைப் பூசிட்டா. எனக்கு வந்த கோவத்துல, 'நாளையில இருந்து லேப் பக்கம் தலை வச்சுப் படுக்காதே, உன் தீசிஸ்ல நான் கையெழுத்துப் போடமாட்டேன், போ'ன்னு சொல்லிப்போட்டேன். கோவத்துல சொல்றதுங்க. கோவத்துல சொல்றதையெல்லாம் காதுல போட்டுக்குவாங்களா யாராச்சும்? நீங்களே சொல்லுங்க. உங்க வீட்டுல நீங்க சொல்றதில்லையா? ஆனா அவ போட்டுக்கிட்டா. டிபன் டப்பாவை எடுத்துப் பையில வச்சா, போயிட்டா. அழுகக்கூட இல்லை. அழுதிருந்தாலாச்சும் போய்த் தொலையட்டும்னு கூப்பிட்டிருப்பேன்.

சரி போனாப் போகட்டும்னு இன்னொரு பொண்ணை உக்கார வச்சு, மாநாட்டுக்குக் காட்டற வீடியோவைச் சேக்கச் சொன்னேன். சேத்தா பாருங்க! ஒரு வீடியோவுல கோழி கதவுகிட்ட வந்து நின்னாச்சு, இன்னொண்ணுல அதே கோழி அப்பத்தான் நடந்து வருது. 'மேடம், மோகனா அக்கா எப்படிப் பண்ணுவாங்கன்னு தெரியலை'ன்னு முழிக்கறா. மோகனாவுக்குப் போன் போட்டேன். எடுக்கலை. நான் போட்டு எடுக்காம இருக்கற அளவுக்கு வந்துட்டா.

திருச்செங்கோடு வந்துருச்சா? மலையைப் பாருங்க, எத்தனை தரம் பாத்தாலும் பெருசாத்தான் இருக்குது. ஏறறவங்க ஏறட்டும், நீங்க இப்படித் தள்ளி உக்காருங்க.

நேத்து ஞாயித்துக்கிழமை. காலேஜுல ஆளில்லை. கொட்டகைப் பக்கம் சும்மா போனேன். சும்மாதானுங்க. கோழிங்களைப் பாத்து ரெண்டு நாளாச்சுன்னு போனேன். பக்கத்து ரூமுல உக்காந்தேன். அவ சொன்னதை நம்பிட்டுப் போகலை, அவ சொன்னது தப்புன்னு காட்டறதுக்குத்தான் போனேன். மணியைத் தொடலை. பல்பு சுவிட்சை மட்டும் போட்டேன். மூணு தரம் மினுக்குச்சு. கேமராவோட திரையில பாக்கறேன். பன்னெண்டும் ஓடி வருதுங்க. அடிச்சுப் புடிச்சுட்டு, ஒண்ணை ஒண்ணு மிதிச்சுட்டு, தகரக் கதவுக்கு முன்னால வந்து நின்னு கதவையே பாக்குதுங்க. மணி அடிக்கலை. கதவு தொறக்கலை. அப்பவும் நிக்குதுங்க.

என்ன சிரிக்கறீங்க? பல்புக்குத்தான் வந்துச்சுன்னு சொல்றீங்களா? என்னைத் தெரிஞ்சு வந்துச்சுங்க. நான் வளத்த கோழிங்க. பக்கத்து ரூமுல இருந்தா என்ன, சன்னல் இருக்குதில்ல? சரி, சன்னல் சாத்தித்தான் இருந்துச்சு. அதுக்கென்ன?

மறுபடி சித்தே நேரம் விட்டுப் போட்டேன். மறுபடி வந்துச்சு. அப்புறம் பல்பைத் தொடாம மணியை மட்டும் அடிச்சுப் பாத்தேன். கணகணன்னு அடிக்குது. ஒரு மாசமா ஊரெல்லாம் பேசுன மணி. ஒண்ணு ரெண்டு மட்டும் என்னவோன்னு தலையைத் தூக்கிப் பாத்துச்சு. ஒண்ணு சாவகாசமா எறகைக் கோதிட்டு இருக்குது. மத்ததெல்லாம் பேசாம பல்பு இருக்கற கம்பிக்கடியில கெளறிட்டு இருக்குதுங்க.

வெக்கமாப் போச்சுங்க. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, இனி நாம பாக்கவா போறோம். கோழிங்க முன்னாடி வெக்கமாப் போச்சு. எந்திரிச்சு உள்ள போய்க் கையாலயே கம்பை அள்ளிப் போட்டேன். ரெண்டு தரம் ஓடி வந்து ஏமாந்ததுங்க, வெறும் வயித்தோட விட முடியுமா? தரையிலயே உக்காந்துட்டேன். கால்மேல ஏறிக் கொத்துதுங்க. எம்புட்டு நேரம் உக்காந்திருந்தேன்னு தெரியலை, வாட்ச்மேன் வந்து 'மேடம், எந்திரிக்க முடியலீங்களா'ன்னு கேட்டான். 'எல்லாம் முடியும், உன் வேலையைப் பாரு'ன்னேன்.

இப்பப் போன்ல தெய்வசிகாமணி மொதல்ல என்ன சொன்னாரு தெரியுமுங்களா? உடம்பு சரியில்லைங்கறது அப்புறம். மொதல்ல, 'மேடம், வெட்டுன வீடியோவையே காட்டிருங்க. பல்பு இருந்துச்சுன்னே அங்க யாருக்கும் தெரியாது, நான் வாயைத் தொறக்க மாட்டேன்'னாரு. அதுக்குத்தான் கத்துனேன். என்கிட்டப் படிச்சவன் சொல்ற பேச்சா இது? என் பல்பை மறைக்கறதா? அது என்ன நான் திருடிட்டு வந்த பல்பா? 'முழுசாத்தான் காட்டுவேன், மொத மினுக்குல இருந்து காட்டுவேன், உங்களால ஆனதைப் பாருங்க'ன்னு சொல்லி வச்சுட்டேன். அப்பத்தான் நீங்க திடுக்குனு திரும்பிப் பாத்தீங்க.

நான் தோத்துட்டேன்னு நெனைக்காதீங்க. பல்பு யாருது? என்னுது. கம்பி நட்டது யாரு? நானு. கோழி எதைப் பாத்துத் திரும்புச்சு? என் பல்பைப் பாத்து. கேமராவுக்குன்னு வச்சதைக் கோழியும் பாக்கும்னு இனிமேல் பல்பு வைக்கற ஒவ்வொருத்தனும் பயந்துதான் வைக்கணும். எத்தனை காலேஜுல என்னைப் பாத்து பல்பு வாங்குனாங்க, அத்தனை பேரும் போய் வெட்டிப் போட்ட துண்டைத் தேடிக் கெளறட்டும். அவனவன் மணியும் என்ன லட்சணம்னு தெரிஞ்சு போகும். இதைச் சொல்றதுக்கு நான் எதுக்குப் பயப்படணும்? பேப்பர்காரன் வேணும்னா இன்னொரு சேவல் போட்டோவைப் போட்டுக்கட்டும்.

பல்பைப் பத்தி நான் பேசலாம். ஆனா மூணாவது மினுக்குல எந்தக் கோழி, எந்தப் பக்கம், எந்த நொடியில கழுத்தைத் திருப்புச்சுன்னு எவனாச்சும் கேட்டா? அது அவளுக்குத்தான் தெரியும். ராத்திரி பகலா உக்காந்து பாத்தவ அவதானே. என்னால வாயை மூடிட்டு மேடையில நிக்க முடியாது. எனக்கு அது பழக்கமில்லை. கீழ மொத வரிசைல உக்காந்துக்கறேன், கேள்வி கேக்கறவனுங்களை ஒரு பார்வை பாத்துக்கறேன், அது எனக்கு நல்லா வரும்.

இதோ, பள்ளிபாளையம் வந்துருச்சு. இந்தாங்க உங்க பை. தறிச் சத்தம் கேக்குது பாருங்க, இந்தச் சத்தத்துக்குள்ளதான் எங்கியோ வீடு. விசாரிச்சாச் சொல்லுவாங்க.

என்ன கேட்டீங்க? மன்னிப்பா? நானா? நல்லாக் கேட்டீங்க போங்க! எதுக்கு மன்னிப்பு? நான் எதுக்கு அந்தப் பொண்ணுகிட்டப் போய்ப் பல்லைக் காட்டிட்டு நிக்கணும்? அவங்க அம்மா, அப்பா, தறி ஓட்டறவங்க எல்லாரையும் வச்சுக்கிட்டு நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி நாலு வார்த்தை கேக்கறதுக்குப் போறேன். கொஞ்சம் எந்திரிங்க, வழி விடுங்க. கண்டக்டர், இருங்க, ஆளு எறங்கணும்! கேக்கறேன் பாருங்க, 'ஏம்புள்ளே, நாளைக்குக் கோயமுத்தூர்ல மேடையேறிப் பேச வேண்டியவ, நாலு நாளா லேபுக்கு வராம இங்க உக்காந்துட்டு என்ன பண்ணிட்டிருக்கறே?'ன்னு.